மதர்போர்டு லைட் ஏன் சொல்பேச்சு கேட்பதில்லை? ஸ்லீப், ஸ்டார்ட்டப் தொடர்பாக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்களுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கொடுத்து ஒரு வாரம் ஆகும், வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். கம்ப்யூட்டர் வேகமாக ஓடுகிறதா, சூடாகிறதா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை, மதர்போர்டிலும் ஃபேனிலும் எரியும் கலர் லைட்டைப் பற்றித்தான் கேள்வி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் செய்து அலுத்துவிட்டதால் கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டு இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 ஓடும் டெஸ்க்டாப்பை மனதில் வைத்து எழுதியது. லேப்டாப் வேறு கதை.

அண்ணா, லைட் என்ன கலர்ல எரியணும்னு யாரு முடிவு பண்றது? பயாஸா, விண்டோஸா, அந்த சாஃப்ட்வேரா?

நேரத்தைப் பொறுத்து ஆள் மாறும். போர்டில் லைட்டுக்கென்றே ஒரு சின்ன கண்ட்ரோலர் சிப் இருக்கிறது, அதற்குள் கொஞ்சம் மெமரியும் உண்டு. மின்சாரம் வந்ததுமே அந்த சிப் தன் மெமரியில் இருப்பதைக் காட்ட ஆரம்பித்துவிடும். அதன் பிறகு பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் சொந்த நிரல்) ஓடி, லைட்டை அணைக்கச் சொல்லியிருந்தால் அணைக்கும். விண்டோஸ் ஏறி, உங்கள் அக்கவுண்டில் நுழைந்து, போர்டு கம்பெனி தரும் லைட் சாஃப்ட்வேரான ஆர்மரி க்ரேட்டோ ஜிகாபைட் கண்ட்ரோல் சென்டரோ எம்எஸ்ஐ சென்டரோ பாலிக்ரோமோ முழுதாக எழுந்த பிறகுதான் சாஃப்ட்வேரின் ஆட்சி.

எனவே "லைட் சரியில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த நிமிடத்தில் கெடுகிறது என்று பாருங்கள்: பட்டனை அழுத்தியதுமா, விண்டோஸுக்குள் போன பிறகா, ஸ்லீப்பில் போகும்போதா, எழும்போதா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பட்டனை அழுத்தினதும் ரெயின்போ ஓடுது. டெஸ்க்டாப் வந்து கொஞ்ச நேரம் கழிச்சுதான் நான் வச்ச நீலம் வருது. நார்மலா?

நார்மல்தான். சிப்பின் மெமரியில் கம்பெனி வைத்து அனுப்பிய ரெயின்போ அப்படியே இருக்கிறது, நீங்கள் வைத்த நீலம் விண்டோஸில் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கிறது. சாஃப்ட்வேர் எழுந்து வந்து சொல்லும்வரை சிப்புக்கு நீலம் தெரியாது. பெரும்பாலான லைட் சாஃப்ட்வேர்கள் ஒரு பின்னணி சர்வீஸ், ஒரு அப்டேட் சோதனை, ஒரு விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுதான் எழும், அதனால்தான் இந்தத் தாமதம்.

தீர்வு வேண்டுமென்றால் சிப்பிலேயே ஓடக்கூடிய எளிய மோடு ஒன்றை எடுங்கள். ஸ்டாட்டிக், பிரீத்திங், ரெயின்போ மாதிரியானவற்றை சிப் தானே ஓட்டிக்கொள்ளும், பல போர்டுகளில் அவை மெமரியிலும் பதிந்துவிடும். பாட்டுக்கு ஏற்ப ஆடுவது, சிபியு சூட்டுக்கு ஏற்ப நிறம் மாறுவது, திரையின் நிறத்தைப் பின்தொடர்வது இதெல்லாம் விண்டோஸுக்குள்ளிருந்து நொடிக்குப் பலமுறை அனுப்பப்படுபவை. அவற்றை மெமரியில் பதிய வைக்க முடியாது. இந்த வித்தியாசம் கீழே திரும்பத் திரும்ப வரும்.

ஷட்டவுன் பண்ணின அப்புறமும் போர்டு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. கரண்ட் பில் ஏறுமா மாமா?

ஏறும், ஆனால் அழும் அளவுக்கு இல்லை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து ஒரு 5 வோல்ட் லைன் வந்துகொண்டே இருக்கும். பெரிய 24 பின் கனெக்டரில் ஊதா நிறக் கம்பி அதுதான் (எல்லாக் கம்பியும் கறுப்பாக இருக்கும் சப்ளை என்றால் கண்ணுக்குத் தெரியாது). ஸ்டாண்ட்பை லைன் என்பார்கள். பவர் பட்டன் வேலை செய்வதே அதனால்தான். போர்டின் சொந்த லைட்டுகளை இந்த லைனில் கோத்திருந்தால் ஷட்டவுனிலும் எரியும். 2 வாட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரை ஆன் செய்யவே இல்லை என்றால்கூட இரண்டு மாத பில்லில் 3 யூனிட்டுக்குள்தான் வரும்.

அணைக்க பயாஸுக்குள் போங்கள். அசுஸ் போர்டில் அட்வான்ஸ்டு, அதற்குள் ஆன்போர்டு டிவைசஸ் கான்ஃபிகரேஷன். அங்கே கம்ப்யூட்டர் ஓடும்போது ஒன்று, ஸ்லீப், ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது), சாஃப்ட் ஆஃப் (ஷட்டவுன்) நிலைகளுக்கு ஒன்று என்று லைட்டுக்கு இரண்டு தனி வரிகள் இருக்கும். ஜிகாபைட்டிலும் இதே போல இரண்டு வரிகள். ஏஎஸ்ராக்கில் எஸ்5 நிலையில் ஆன்போர்டு எல்இடி என்று வரும், எஸ்5 என்பது ஷட்டவுன். சில எம்எஸ்ஐ போர்டுகளில் போர்டின் மேலேயே லைட்டுக்கு ஒரு குட்டி ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

பயாஸ்ல அந்த வரியே இல்லையே!

ஈஆர்பி என்று தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சிக்கன விதிக்காக வைத்த அமைப்பு அது. 2013 முதல் அணைந்திருக்கும் கருவி 0.5 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது விதி. ஆன் செய்தால் போர்டு ஸ்டாண்ட்பை மின்சாரத்தைப் பெரும்பாலும் துண்டித்துவிடும், லைட்டும் போகும்.

கூடவே வேறு சிலவும் போகும். கீபோர்டைத் தட்டி ஆன் செய்வது, நெட்வொர்க் வழியாக எழுப்புவது, அணைந்த கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் போன் சார்ஜ் போடுவது எல்லாம் நின்றுவிடும். அசுஸில் எஸ்4 (ஹைபர்னேட்), எஸ்5 இரண்டுக்குமா, எஸ்5க்கு மட்டுமா என்று கேட்கும். ஹைபர்னேட்டும், கீழே வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் பயன்படுத்தாதவர்கள் எதை வைத்தாலும் ஒன்றுதான்.

ஸ்லீப்ல போட்டா ஃபேன் நிக்குது, லைட் மட்டும் எரியுது. பெட்ரூம்ல இருக்கு சார், தூங்க முடியலை.

ஃபேன் நின்றுவிட்டது என்றால் எஸ்3 என்ற பழைய வகை ஸ்லீப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ரேமைத் தவிர மற்றவற்றுக்கு மின்சாரம் நின்றுவிடும், ஸ்டாண்ட்பை லைன் மட்டும் உயிரோடு இருக்கும். ஷட்டவுன் கேள்விக்குச் சொன்ன பதிலில் உள்ள பயாஸின் ஸ்லீப் வரியை ஆஃப் செய்யுங்கள். விண்டோஸில் எந்த வகை ஸ்லீப் இருக்கிறது என்று உறுதி செய்ய கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை ஸ்லாஷ் ஏ சேர்த்து ஓட்டினால் பட்டியல் வரும். அதில் எஸ்0 லோ பவர் ஐடில் என்று இருந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை, அதாவது கம்ப்யூட்டர் முழுதாகத் தூங்குவதே இல்லை. அப்போது பயாஸின் ஸ்லீப் வரி பலன் தராமல் போகலாம்.

எரிவது போர்டு லைட்டா, ஃபேன் லைட்டா என்பதையும் பாருங்கள். சாட்டா பவரில் (பவர் சப்ளையிலிருந்து டிஸ்க்குகளுக்கு வரும் கம்பி) செருகிய ஹப்பில், அதாவது பல ஃபேன்களைச் சேர்த்து மாட்டும் பெட்டியில், மாட்டிய ஃபேன்கள் எஸ்3-ல் தானாக அணையும், ஏனென்றால் சாட்டா பவரே நின்றுவிடுகிறது. போர்டின் 5 வோல்ட் ஹெடரில் (லைட் கம்பியைச் செருகும் பின்கள்) நேராக மாட்டியவை அந்த போர்டு எந்த லைனைக் கொடுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எதுவும் எடுபடவில்லை என்றால் ஃபேன் லைட்டை ஹெடரிலிருந்து ஹப்புக்கு மாற்றுவது நல்ல வழி, செலவும் அதிகமில்லை.

ஸ்லீப்ல இருந்து எழுப்பினா லைட் ஒரே இடத்துல உறைஞ்சு நிக்குது. பாதி ஃபேன் பச்சை, பாதி ஊதா. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஏஆர்ஜிபி (ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம் கொடுக்கக்கூடிய) ஃபேனிலும் ஸ்டிரிப்பிலும் ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு குட்டி சிப் இருக்கிறது. பரவலாக இருக்கும் டபிள்யூஎஸ்2812 வகையில் ஒரு எல்இடிக்கு 24 பிட் தகவல், பச்சைக்கு 8, சிவப்புக்கு 8, நீலத்துக்கு 8. ஒரே ஒரு டேட்டா கம்பி வழியாக வரிசையாக வரும், முதல் எல்இடி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். ஒரு எல்இடிக்கு ஏறக்குறைய 30 மைக்ரோ செகண்ட். புதுத் தகவல் வரவில்லை என்றால், 5 வோல்ட் இருக்கும்வரை கடைசியாக வந்த நிறத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

நீங்கள் பார்ப்பது அந்தக் கடைசி ஃபிரேம். அனுப்பிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் நின்றுவிட்டது. கண்ட்ரோலர் சிப் விண்டோஸோடு பெரும்பாலும் யுஎஸ்பி வழியாகத்தான் பேசுகிறது. ஸ்லீப்பில் போகும்போது அந்த யுஎஸ்பி இணைப்பு அறுந்து, எழும்போது கண்ட்ரோலர் சிப் புதிதாகச் செருகிய கருவி போல வந்து சேர்கிறது. சாஃப்ட்வேரோ பழைய இணைப்பிலேயே பேசிக்கொண்டிருக்கிறது, பிழை வந்தாலும் கண்டுகொள்வதில்லை. சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும், எரிச்சலான விஷயம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. சாஃப்ட்வேரில் ஸ்டாட்டிக் அல்லது பிரீத்திங் வைத்துவிட்டு ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். அப்போது சரியாக இருந்தால் சிப்பில் குறை இல்லை, விண்டோஸ் பக்கம்தான் சிக்கல். டாஸ்க் மேனேஜரில் சர்வீசஸ் பகுதிக்குப் போய் அவுரா, லைட்டிங் மாதிரி பெயர் கொண்ட சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் லைட் மறுபடி ஓடும். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் பலிக்காது, பலித்தவர்களும் உண்டு.

ஒவ்வொரு தடவையும் சர்வீஸை கையால ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம், டாஸ்க் ஷெட்யூலரிடம் விட்டுவிடலாம். கம்ப்யூட்டர் ஸ்லீப்பிலிருந்து எழும்போதெல்லாம் விண்டோஸ் தன் சிஸ்டம் லாகில் ஒரு வரி எழுதும், எழுதுபவர் பெயர் பவர்-டிரபிள்ஷூட்டர், ஈவென்ட் எண் 1. புது டாஸ்க் ஒன்றைத் தொடங்கி, டிரிகரில் ஆன் அன் ஈவென்ட் என்பதைத் தேர்ந்து, லாக் சிஸ்டம், சோர்ஸ் பவர்-டிரபிள்ஷூட்டர், எண் 1 என்று கொடுங்கள். செய்ய வேண்டிய வேலையாக, அந்த சர்வீஸை நெட் ஸ்டாப்பால் நிறுத்தி நெட் ஸ்டார்ட்டால் தொடங்கும் இரண்டு வரி பேட்ச் ஃபைலைக் காட்டுங்கள்.

இரண்டு இடத்தில் ஆட்கள் தவறுவார்கள். உயர்ந்த அனுமதியோடு ஓட்டு என்ற டிக்கைப் போட மறப்பார்கள், போடாவிட்டால் சர்வீஸைத் தொட முடியாது. டிரிகரில் தாமதம் வைக்க மாட்டார்கள். எழுந்த கணமே ஓட்டினால் யுஎஸ்பி இன்னும் தயாராகியிருக்காது, ஒரு 30 செகண்ட் விடுங்கள். ஓப்பன் ஆர்ஜிபி (பல கம்பெனிகளின் லைட்டையும் ஓட்டும் இலவச நிரல்) பயன்படுத்துபவர்கள் சர்வீஸுக்குப் பதில் அந்த நிரலையே புரொஃபைல் பெயரோடு ஓட்டச் சொல்லலாம்.

ஷட்டவுன் பண்ணி மறுநாள் ஆன் பண்ணினா கலர் தப்பா வருது. ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகுது. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியையும் சர்வீஸ்களையும் டிஸ்கில் ஹைபர்னேட் செய்து வைக்கும். மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். லைட் சர்வீஸ் புதிதாகப் பிறப்பதில்லை, நேற்றைய நிலையிலேயே எழுகிறது. மேலே ஸ்லீப்புக்குச் சொன்ன அதே அறுந்த இணைப்புக் கதை இங்கேயும். சாதாரண ஷட்டவுன் போலன்றி, ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும்.

ஒருமுறை சோதிக்க ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுனைக் கிளிக் செய்யுங்கள், அது முழு ஷட்டவுன். மறுநாள் லைட் சரியாக வந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. நிரந்தரமாக நிறுத்த கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். மங்கலாக இருக்கும் அமைப்புகளை மாற்ற அனுமதிக்கும் லிங்க்கை முதலில் அழுத்த வேண்டும், பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுக்கலாம். எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் இதனால் சில செகண்டுகள்தான் கூடும். என் கையில் வரும் எல்லா கம்ப்யூட்டரிலும் முதல் நாளே இதை நிறுத்திவிடுகிறேன்.

ரீஸ்டார்ட், ரீஇன்ஸ்டால், பயாஸ் ரீசெட் எல்லாம் பண்ணியாச்சு. சாஃப்ட்வேர் போர்டையே கண்டுபிடிக்க மாட்டேங்குது. சிப் செத்துப்போச்சா?

முதலில் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணையுங்கள். லைட் கண்ட்ரோலர் பல போர்டுகளில் அந்த ஊதாக் கம்பி லைனில்தான் உயிர் வாழ்கிறது. விண்டோஸை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும், ஷட்டவுனே செய்தாலும், சிப்புக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அதன் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) ஒருமுறை மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டபடியேதான் கிடக்கும், நீங்கள் மேலே என்ன ரீஇன்ஸ்டால் செய்தாலும் அதற்குத் தெரியாது.

ஷட்டவுன் செய்து, பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, கேபினட்டின் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே கெப்பாசிட்டர்களில் மிச்சமிருப்பது வடிந்துவிடும். ஃபேன் ஒரு சின்ன உதறல் உதறி நிற்பதைச் சில சமயம் பார்க்கலாம். சில நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். யுபிஎஸ்ஸில் மாட்டியவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை நாள்கணக்கில் நீடிக்கும், மற்றவர்களுக்கு ஏரியாவில் கரண்ட் போனாலே தானாகச் சரியாகியிருக்கும்.

மதர்போர்டுக்கு ஒண்ணு, ரேமுக்கு ஒண்ணு, மவுஸுக்கு ஒண்ணு, எல்லாத்தையும் சேர்க்க ஒண்ணு. நாலு சாஃப்ட்வேர் போட்டா தப்பா?

தப்புதான். ஒரே வண்டிக்கு நாலு டிரைவர். ஒருவர் நீலம் அனுப்புவார், அடுத்தவர் ரெயின்போ அனுப்புவார், லைட் துடிக்கும். ஸ்லீப்பிலிருந்து எழும்போது யார் முதலில் எழுந்தாரோ அவர் ஆட்சி, அதனால்தான் ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் தப்பாகவும் வருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஸ்டார்ட்டப்பில் முடக்கினால் மட்டும் போதாது, சர்வீஸ்கள் தனியாக ஓடும்.

விண்டோஸ் 11-லும் ஒருவர் ஒளிந்திருக்கிறார். 2023 செப்டம்பர் அப்டேட்டில் வந்த டைனமிக் லைட்டிங். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன் கீழே இருக்கும். ஆதரவுள்ள கருவிகளை அது தானாகவே கையில் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி சாஃப்ட்வேர்தான் வேண்டும் என்றால் அங்கே ஆஃப் செய்யுங்கள். இல்லை, டைனமிக் லைட்டிங்கே போதும் என்றால் கம்பெனி சாஃப்ட்வேரைத் தூக்கிவிடலாம். எளிய தேவைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

போர்டு, ஃபேன் எல்லாம் சரி. ரேம் ஸ்டிக் ஒண்ணு மட்டும் வேற கலர்ல நிக்குது.

ரேம் லைட்டுக்கு யுஎஸ்பி கிடையாது. எஸ்எம்பஸ் என்ற மெதுவான பழைய கம்பி வழியாகப் பேசுகிறார்கள். அதே கம்பியில்தான் ரேமின் அடையாளத் தகவல் சிப்பும் உட்கார்ந்திருக்கிறது. வெப்பநிலை காட்டும் சாஃப்ட்வேர், லைட் சாஃப்ட்வேர் இரண்டும் ஒரே நேரத்தில் அந்தக் கம்பியில் பேசினால் ஒரு செய்தி தொலையும், ஒரு ஸ்டிக் பழைய நிறத்திலேயே நிற்கும். கண்காணிப்பு சாஃப்ட்வேரை மூடிவிட்டு நிறத்தை மறுபடி அனுப்பிப் பாருங்கள். இந்தக் கம்பி வழியாக எழுதும் வேலையை ஊர் பேர் தெரியாத நிரல்களிடம் விடாதீர்கள். அடையாளத் தகவல் கெட்டால் அந்த ரேமோடு கம்ப்யூட்டர் பூட் ஆகாமலேகூடப் போகலாம்.

அப்டேட்டுக்கு அப்புறம் 'இந்த டிரைவரை லோட் செய்ய முடியாது'னு வருது. மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் பண்ணிடவா? யூடியூப்ல அப்படித்தான் சொல்றாங்க.

வேண்டாம், அது ஆபத்தான டிரைவர்களை உள்ளே விடாமல் தடுக்கும் விண்டோஸின் பாதுகாப்பு. மேலே சொன்ன எஸ்எம்பஸ்ஸைத் தொட, சாஃப்ட்வேர் விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவரைப் போட வேண்டியிருக்கிறது. பல கம்பெனிகளின் பழைய டிரைவர்கள் யார் கேட்டாலும் கதவைத் திறந்துவிடும் ரகம். ஜிகாபைட்டின் பழைய ஜிடிஆர்வி டிரைவரில் 2018-ல் ஓட்டை வெளியானது, 2020-ல் ராபின்ஹுட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) அதையே கொண்டுவந்து போட்டு ஆன்டிவைரஸைக் கொன்றது. அந்த கம்ப்யூட்டர்களில் ஜிகாபைட் போர்டே இருக்க வேண்டியதில்லை என்பதுதான் கொடுமை. 2022-ல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டிலிருந்து இப்படிப்பட்ட டிரைவர்களின் தடைப்பட்டியல் இயல்பாகவே ஆன். 2025 மார்ச்சில் வின்ரிங்0 என்ற பொதுவான டிரைவரை விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடிக்க ஆரம்பித்ததும் பலருடைய லைட், ஃபேன் நிரல்கள் ஒரே நாளில் படுத்தன.

போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதிய பதிப்பைப் போடுங்கள். அதிலும் அதே டிரைவர் இருந்தால் ரேம் லைட்டை விட்டுக்கொடுங்கள். யுஎஸ்பியில் இருக்கும் போர்டு, ஃபேன் லைட்டுக்கு இந்த மாதிரி டிரைவர் பொதுவாகத் தேவைப்படாது.

லினக்ஸ்ல இதெல்லாம் நடக்குமா?

ஓப்பன் ஆர்ஜிபிதான் வழி. ரேம் லைட்டுக்கு, எஸ்எம்பஸ்ஸோடு பேசும் டிரைவர்களான ஐ2சி மாட்யூல்கள் ஏற வேண்டும், ஏஎம்டி என்றால் பிக்ஸ்4, இன்டெல் என்றால் ஐ801. ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் நிறத்தை அனுப்ப சிஸ்டம்டியின் (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் நிரல்) சிஸ்டம்-ஸ்லீப் ஃபோல்டரில் ஒரு ஸ்கிரிப்ட் வையுங்கள். தூங்கும் முன் ப்ரீ, எழுந்த பின் போஸ்ட் என்ற சொல்லோடு அதைக் கூப்பிடும், போஸ்ட் வரும்போது மட்டும் புரொஃபைலை ஏற்றச் சொன்னால் போதும். டாஸ்க் ஷெட்யூலர் வித்தையைவிட இது சுத்தமான வேலை.

எனக்கு லைட்டே வேண்டாம். சாஃப்ட்வேரும் வேண்டாம். மொத்தமா போகணும்.

வரிசை முக்கியம். முதலில் சாஃப்ட்வேரில் ஆஃப் அல்லது ஸ்டாட்டிக் கறுப்பு வைத்து அப்ளை செய்யுங்கள், சிப்பில் பதியட்டும். அடுத்து பயாஸில் இரண்டு வரிகளையும் ஆஃப் செய்யுங்கள். கடைசியாகத்தான் அன்இன்ஸ்டால். முதலில் அன்இன்ஸ்டால் செய்தவர்கள்தான் ரெயின்போவோடு மாட்டிக்கொண்டு எனக்கு போன் செய்வார்கள். அசுஸ் ஆர்மரி க்ரேட்டுக்கு அவர்களே தனி அன்இன்ஸ்டால் டூல் தருகிறார்கள், அதையே பயன்படுத்துங்கள். விண்டோஸ் மூலம் நீக்கினால் சர்வீஸ்கள் மிச்சம் நிற்கும். பயாஸிலும் ஆர்மரி க்ரேட்டை டவுன்லோட் செய்யச் சொல்லும் ஒரு அமைப்பு இருக்கும், அதை அணைக்காவிட்டால் விண்டோஸ் ஏறியதும் மறுபடி வந்து கேட்கும்.

சிவப்பு கேட்டா பச்சை வருது, கடைசி ஃபேன் மட்டும் கண்ணடிக்குது. ஸ்லீப்ல போனாலும் போகாட்டியும் அப்படித்தான்.

எப்போதும் ஒரே மாதிரி கெடுகிறது என்றால் வன்பொருள் பக்கம் பாருங்கள். சிவப்பும் பச்சையும் இடம் மாறினால் எல்இடி எதிர்பார்க்கும் நிற வரிசை வேறு, சில சாஃப்ட்வேர்களில் கேலிப்ரேட் என்று இருக்கும் இடத்தில் மாற்றலாம். கடைசி ஃபேன் துடிப்பது பெரும்பாலும் மின்சாரம் போதாததால். ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், ஹெடரின் வழக்கமான எல்லை 3 ஆம்பியர், அதாவது 50 எல்இடி முழு வெள்ளை. அதற்கு மேல் வரிசையாகக் கோத்திருந்தால் பிரகாசத்தைக் குறையுங்கள் அல்லது சாட்டா பவர் உள்ள ஹப் வாங்குங்கள்.

கனெக்டரை மாற்றி மாட்டும்போது மட்டும் கவனம். மூன்று பின் இருப்பது 5 வோல்ட், நான்கு பின் இருப்பது 12 வோல்ட். 5 வோல்ட் ஃபேனை 12 வோல்ட் ஹெடரில் அழுத்திச் செருகினால் எல்இடிகள் அந்த நொடியே கருகும், சில சமயம் போர்டின் ஹெடரும் சேர்ந்து போகும், வாரண்டியும் கிடைக்காது. ஹெடருக்குப் பக்கத்தில் போர்டில் பொடி எழுத்தில் வோல்ட் அச்சிட்டிருக்கும். போன் டார்ச் அடித்துப் படித்துவிட்டு மாட்டுங்கள்.